கால் சுற்று

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னாள். கேட்டுவிட்டேன். சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி எழுதிவிடு, எனக்கும் தொல்லை விடும்.

நீ கேட்ட ரப்பர் புஷ் எட்டும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியிருக்கும் துணி என் பழைய சீருடைப் பாவாடை. துடைக்க வைத்துக்கொள், திருப்பி அனுப்பாதே.

போனில் பேசினால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு "ம்" தவிர வேறு வார்த்தை வருவதில்லை. நம் மெக்கானிக் பட்டறையில் எப்போதும் நாலு பேர் நின்று வாய் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுதும்போது என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்ன அன்று, நான் வாயைத் திறப்பேன் என்று வகுப்பே காத்திருந்தது. மணி அடித்தது, நான் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து போகவும் இல்லை. நட்டும் போல்ட்டும் யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை. அதனால் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

டார்க் ரெஞ்ச் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. அப்பா வாரம் ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்து, இரண்டு தட்டு தட்டி, மறுபடி ஆணியில் மாட்டுகிறார். நட்டு போதிய அளவு இறுகிவிட்டதா என்று சொல்ல வேறு கருவி இல்லை, ஆகவே என் கோடுதான் ஓடுகிறது. நட்டைக் கையால் முட்டும்வரை திருகு, நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழு, அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று. கோடு உடைந்து இரண்டாக விலகினால் இறுக்கியாயிற்று. நேராகவே நின்றால் இன்னும் இறுக்கவில்லை. நீ விட்டுப்போன கிளிப்பச்சை நெயில் பாலிஷில் பாதி தீர்ந்துவிட்டது. அதை விரலில் போட எவளுக்கும் மனசு வராது. நட்டுக்கு எடுப்பாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கோட்டான்


பிப்ரவரி 2

ஊமைக்கோட்டானுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன். மூன்று தடவை எழுதிவிட்டேன், அம்மாவிடம் மாதத்துக்கு ஒன்றாகப் படித்துக் காட்டு. அப்பாவின் முதுகுவலி எப்படி?

புஷ் அச்சாகப் பொருந்தியது. பாவாடையை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம் கடினம்தான். காலையில் டயர் ஏன் வழுக்குகிறது என்று கணக்குப் போடுகிறோம். மதியம் அதே டயரைச் சுமந்து மூன்று மாடி ஏறுகிறோம், லிப்ட் வேலை செய்யவில்லை. போட்டிக்கான காரைக் கட்டும் அணியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஒற்றை ஆள் உட்காரும் சின்னக் கார். அதை ஓட்டுகிறவர் எங்கள் கேப்டன், இறுதியாண்டு அக்கா. கண் இமைக்காமல் ஓட்டுவார். அவருக்கு ஒரு மாற்று ஓட்டுநர் வேண்டும். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். பெல்ட், ஸ்டியரிங் எல்லாம் மாட்டி உட்கார்ந்தபின், விசில் ஊதினால் ஐந்து நொடிக்குள் காரைவிட்டு வெளியே வந்து நிற்கவேண்டும். அதில் தேறினால்தான் காரை ஓட்டவே விடுவார்கள். தினமும் கட்டிலில் பயிற்சி செய்கிறேன். முழங்கால் இரண்டும் நீலம்.

உன் கோடு எனக்கு இங்கே வம்பாகிவிட்டது. இங்கே டார்க் ரெஞ்சில் "டிக்" என்று கேட்கும்வரை இறுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் மஞ்சள் பேனாவால் கோடு போடுவார்கள். எனக்கோ முதலில் கோடு இழுக்காவிட்டால் கை ஓடுவதில்லை. அதனால் இறுக்கும் முன் ஒன்று, இறுக்கிய பின் ஒன்று. நான் மாட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு நட்டிலும் இரண்டு கோடு இருக்கும். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒருத்தன் இருக்கிறான், கிளம்புவதற்கு முன் எல்லா நட்டையும் சரிபார்த்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறவன். "என்னங்க இது, நட்டுக்கு ரெட்டைச் சடை போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். "எங்க வீட்டு வழக்கம்"னு சொன்னேன்.

கோட்டானே, ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. மே மாதப் போட்டியைப் பார்க்க நிஜமான பந்தய அணி ஒன்றின் மேலாளர் வருகிறார். பிடித்தவர்களைக் கூப்பிட்டு ஓட்டவைத்துப் பார்ப்பாராம். எனக்கு அந்த சீட் வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் முதுகு பரவாயில்லை. அம்மா உன் மூன்று சாப்பாட்டையும் ஒரே நாளில் படித்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே நிற்கும் பழைய காரில் உட்கார்ந்து வெளியே குதித்துப் பார்த்தேன். ஏழு நொடி. அப்பா வெளியிலிருந்து, "உள்ள என்ன பூனையா?" என்றார். "ம்" என்றேன்.

நீ ஐந்து நொடியில் வந்துவிடுவாய். சின்ன வயதில் அம்மா துடைப்பத்தை எடுத்தால் மூன்றே நொடியில் தெருவில் நிற்பாய்.

காரின் படம் ஒன்று அனுப்பு. போனில் வேண்டாம், அட்டையில் வேண்டும். பட்டறைச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

வயிற்றைக் காயப்போடாதே.

கோட்டான்


மார்ச் 18

கோட்டானுக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு மீதியைப் படி.

பத்து நாளைக்கு முன் சோதனை ஓட்டத்தில் விபத்து. ஐந்தாவது சுற்றில், பின்பக்க இடது சக்கரம் கழன்று தனியாக ஓடியது. கார் சுழன்று தடுப்பில் மோதியது. கேப்டனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது, மூன்று மாதம் ஓட்டக் கூடாது. போட்டி அவருக்கு இல்லை. இது அவருடைய கடைசி ஆண்டு.

நட்டுகள் இறுக்கப்படவில்லை. அவசரத்தில், சரிபார்க்கிற அந்த ஒட்டடை சக்கரத்தில் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ரெஞ்சை வைத்துப் பார்த்திருக்க வேண்டியது அவன் வேலை. அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போனான்.

கேப்டனுக்குப் பதில் நான் ஓட்டுகிறேன். ஐந்து நொடிச் சோதனையில் அன்று காலைதான் தேறியிருந்தேன். நாலரை நொடி. அப்பாவிடம் சொல். சந்தோஷப்படுவார்.

நீ கேட்ட படம் இதில் இருக்கிறது. அன்று காலை கார் கிளம்பும் முன் எடுத்தது. அதற்கப்புறம் எடுக்கும் நிலையில் கார் இல்லை, நேற்றுதான் ஓடும் அளவுக்குச் சரிசெய்தோம். ஓரத்தில் பாதி தெரிவது நான்.

பயிற்சிக்கு நேரமாகிறது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியதற்கு அம்மா உன்னை மெச்சினாள். அப்புறம் அழுதாள். அப்பா டீக்கடை வரைக்கும் போய், "எம் பொண்ணு காரு ஓட்டப்போறா, ரேஸு காரு" என்று சொல்லிவிட்டு வந்தார். கேப்டன் அக்காவின் தோள் எப்படி இருக்கிறது? வலிக்கு மருந்து சாப்பிடுகிறாரா?

படம் வந்தது. அப்பா கேட்டார். கார் சரியாக விழவில்லை என்று சொல்லி பெஞ்சு டிராயருக்குள் வைத்துவிட்டேன். உண்மையில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. பின்பக்க இடது சக்கரம் பக்கத்திலேயே தெரிகிறது. நாலு நட்டிலும் ஒவ்வொரு மஞ்சள் கோடு. நேராக, அழகாக இருக்கின்றன. உன் காதில் பேனா செருகியிருக்கிறது.

இங்கே நேற்று நடந்ததை எழுதுகிறேன். முடிவெட்டுகிறவரின் ஸ்கூட்டருக்குப் பின்சக்கரம் மாட்டினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோடு போட்டது ஞாபகம் இருந்தது. ஸ்பேனர் பிடித்தது ஞாபகம் இல்லை. அவர் அதற்குள் பேக்கரியைத் தாண்டிவிட்டார்.

அக்கா, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. "நில்லுங்க! ஓய்! நில்லுங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. தெரு முழுக்க நின்று பார்த்தது. பேக்கரி அம்மா, "ஐயோ, இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருது!" என்றார். முடிவெட்டுகிறவர் வண்டியை நிறுத்தி, "என்னம்மா, வீட்ல யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று பதறினார். அவரைத் தாண்டிப் பின்சக்கரத்துக்குப் போனேன். குனிந்து நட்டைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து கால் சுற்று சுற்றினேன்.

இன்று காலையிலிருந்து போகிற வருகிறவர்கள் எல்லாம் "ஓய், நில்லுங்க" என்று என்னைக் கேலி செய்கிறார்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

கோட்டான்


ஏப்ரல் 15

தங்கைக்கு,

நலம். பயிற்சி கடுமையாக இருக்கிறது. நேற்று கேப்டனின் நேரத்துக்கு அரை நொடி பக்கத்தில் வந்துவிட்டேன். கேப்டன் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் வருகிறார். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார்.

முடிவெட்டுகிறவர் கதையெல்லாம் இப்போது படிக்க நேரமில்லை. போட்டி மே இருபதாம் தேதி. அதுவரை எனக்கு வேறு நினைப்பு கூடாது. அந்தச் சக்கரத்தைச் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தான். அது அவன் வேலை. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அவனும்தான்.

படத்தைச் சுவரில் ஒட்டவேண்டாம். வேறு நல்லதாக அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "கோட்டான்" என்று ஒரு இடத்திலும் இல்லை.

நீ கேட்காததை எழுதுகிறேன். நீ மாட்டிய சக்கரத்தில் இரண்டு கோடு இருக்கும் என்று எழுதியிருந்தாய். படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அது முதல் கோடு. அந்தக் கோடு எனக்குத் தெரியும் அக்கா, அதை உனக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான்.

இதற்குள் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். உங்கள் கேப்டனுக்கு எழுதியது. உறையை ஒட்டவில்லை. படித்துப் பார். தெரியாத ஒருவருக்கு நான் எழுதும் முதல் கடிதம். ஒன்பது தாள் கிழித்தேன். நேரே அவருக்கே தபாலில் போட்டிருக்கலாம், முகவரி எனக்குத் தெரியும். போடவில்லை. இதைக் கொடுப்பதா கிழிப்பதா என்று நீயே முடிவு செய்.

எதைச் செய்தாலும் எழுது. ஒன்றும் செய்யாவிட்டாலும் எழுது.

கோட்டான்

(உள்ளே இருந்தது)

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தோள் குணமாகவேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் காரை இப்போது ஓட்டுகிறவரின் தங்கை நான். பட்டறையில் வேலை செய்கிறேன், பத்தாவது முடிக்கவில்லை.

நட்டை இறுக்கும் முன்பே கோடு போடுவது என் பழக்கம். எங்கள் டார்க் ரெஞ்ச் உடைந்திருந்ததால் நான் கண்டுபிடித்தது. அக்காவுக்கும் அதுவே பழகிவிட்டது. உங்கள் இடத்தில் கோடு என்றால் வேலை முடிந்தது. எங்கள் இடத்தில் கோடு என்றால் வேலை பாதியில் நிற்கிறது. அதனால்தான் அந்தச் சக்கரத்தைப் பார்த்தவர் ஏமாந்திருக்கிறார். தப்பு என் கோட்டில்தான். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தண்டனை என்றாலும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கை


மே 27

கோட்டானுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், தேதி போடுவேன், எழுந்துவிடுவேன்.

உன் கடிதத்தைக் கேப்டனிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. "என்ன தண்டனை என்றாலும் எனக்கு எழுதுங்கள்" என்ற வரியைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். செய்தது நான், இவள் யார் நடுவில் என்று. பிறகும் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். அந்த உறை பையிலேயே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் இருந்தது.

முழுக்கச் சொல்கிறேன். அன்று காலை அந்தச் சக்கரத்தை மாட்டினேன். நாலு நட்டையும் கையால் திருகி, கோடு போட்டேன். ரெஞ்சை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது வெளியிலிருந்து, "மாற்று ஓட்டுநர் டெஸ்ட், அடுத்தது நீங்கதான், சீக்கிரம் வாங்க!" என்று கூப்பிட்டார்கள். ஓடிவிட்டேன். நாலரை நொடி. எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது கார் கிளம்பிவிட்டது. அதன் பின்சக்கரத்தைப் பார்த்தேன். அப்போது ஞாபகம் வந்தது.

ஓடுதளத்துக்கு எதிர்ப்பக்கம் கொடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் கையைத் தூக்கியிருந்தால் அவர் சிவப்புக் கொடி காட்டியிருப்பார். அதற்குத்தான் அவர் நிற்கிறார். அப்போதுதான் தேறியிருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது இறுக்கியிருப்பார்கள், ஒட்டடை பார்த்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து சுற்று, கோட்டானே. ஐந்து சுற்றும் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. நான் நீயாகிவிட்டேன்.

போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது கேப்டனிடம் சொன்னேன். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "ஹெல்மெட்டை வச்சிட்டுப் போ" என்றார். இன்றுவரை பேசவில்லை.

இந்த ஆண்டு முழுக்க நான் ஓட்டக் கூடாது என்று முடிவாகிவிட்டது. போட்டியில் மூன்றாவது மாற்று ஆள் ஓட்டினான். அந்த மேலாளர் வந்தார், பார்த்தார், போனார். எங்கள் கார் பக்கமே வரவில்லை.

ஒட்டடையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் விடுதிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கேட்டான். "நானும் ரெஞ்சை வச்சுப் பாத்திருக்கணும். ஆனா நீங்க ரெண்டு மாசம் என் மூஞ்சியப் பாத்து குட்மார்னிங் சொன்னீங்க பாருங்க, அதுதான் ஆறல" என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடவா என்று யோசிக்கிறேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். வாயால் சொன்னேன். அவர் டார்க் ரெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்திவிட்டு, "அவளே போய்ச் சொன்னாளா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். மறுபடி தட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் டீக்கடைக்குப் போகவில்லை. மறுநாள் போனார்.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "நான் நீயாகிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். இல்லை. எனக்குக் கூச்சம்தான். கடைக்குப் போனால் கேட்ட சாமானை விட்டுவிட்டு, கடைக்காரர் கொடுத்த சாமானை வாங்கி வருகிறவள்தான். ஆனால் கூச்சத்தால் ஒரு வண்டியையும் நான் தெருவில் விட்டதில்லை. நீ வாயை மூடிக்கொண்டது கூச்சத்தால் இல்லை, அந்த சீட்டுக்காக. அதற்கு என் பெயரை வைக்காதே.

இதை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

வந்துவிடவா என்று கேட்கிறாய். வராதே. இங்கே உனக்கு இடமில்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் நீ வந்தால் கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நொடியில் குதித்துக்கொண்டே இருப்பாய், நான் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். உன்னை ஒரு வருஷம் ஓட்டக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சக்கரம் மாட்டக் கூடாது என்று சொன்னார்களா? அவர்கள் இடத்தில் முடியாவிட்டால் வேறு இடத்தில் மாட்டு. நாலு நட்டு. முதலில் கோடு, பிறகு கால் சுற்று, பிறகு உங்கள் "டிக்". அங்கிருந்து தொடங்கு.

எழுதத் தாமதமானால் பரவாயில்லை. சாப்பிடு.

கோட்டான்


செப்டம்பர் 14

ஊமைக்கோட்டானுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். அப்பாவுக்குப் புது ரெஞ்ச் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், சொல்லாதே. ஆணியில் மாட்டியிருப்பதை அவர் தூக்கிப் போடமாட்டார், அதுவும் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நாலாம் நாள் பஸ் ஏறி ஊருக்கு வெளியே ஒரு பந்தய கிளப்புக்குப் போனேன். பழைய கார்களை வைத்து வாராவாரம் பந்தயம் நடத்துகிறவர்கள். அதன் முதலாளியம்மா ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். முன்பு என்ன செய்தேன் என்பதை அவரே கேட்கும் முன் சொல்லிவிட்டேன். "அப்ப உனக்கு நட்டுன்னா பயம் இருக்கும். நல்லதுதான். போய் சக்கரம் மாட்டு" என்றார். இரண்டு மாதம் சனி ஞாயிறு சக்கரம் மாட்டினேன். வேறொன்றும் தொடவிடவில்லை. ஒருநாள் மழை. ஓட்டுகிறவர்கள் யாரும் வரவில்லை. "சும்மா நிக்கிற நேரத்துக்கு ஓட்டித்தான் பாரேன்" என்றார். ஓட்டினேன். அடுத்த வாரமும் ஓட்டச் சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

அக்டோபர் ஐந்தாம் தேதி எனக்கு முதல் பந்தயம். பதினெட்டுக் கார்கள். என் கார் என்னைவிட வயதில் மூத்தது. கதவு உள்ளிருந்து திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். ஆறு நொடி ஆகிறது.

ஒட்டடை வருகிறான். நான் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு அவனே வந்து, "உங்க நட்டை வேற யாரும் பாத்தா எனக்குத் தூக்கம் வராது" என்றான். இன்னும் முழுசாகச் சிரிக்கவில்லை. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் புது விதி கொண்டுவந்திருக்கிறான். இறுக்கும் முன் பச்சைக் கோடு, இறுக்கிய பின் மஞ்சள் கோடு. பச்சை மட்டும் இருந்தால் கார் நகராது. அந்தப் பச்சைக்கு இங்கே "தங்கச்சிக் கோடு" என்று பெயர். கேப்டன் படிப்பு முடித்துப் போய்விட்டார். கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. வராமலும் போகலாம்.

பின்பக்கச் சக்கரம் இரண்டையும் மாட்ட ஒரு ஆள் வேண்டும். முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். கூட்டம் இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். தெரிந்துதான் கேட்கிறேன். வருவாயா?

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உன் சுகத்தைச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார். "ரேஸுக்கு" என்றேன். நம்பவில்லை.

அன்று உன்னோடு பேச நேரமே கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ பார்த்தது பாதிதான். மீதி இது.

வரிசையில் உன் கார் ஒன்பதாவதாக நின்றது. பின்பக்கம் இரண்டையும் நான்தான் மாட்டினேன். இடது சக்கரத்தில் பச்சை, மஞ்சள் இரண்டும் போட்டேன். வலது சக்கரத்தில் பச்சை போட்டேன். அப்போது முதலாளியம்மா, "ஏ பொண்ணு, இந்த ஜாக்கைப் பிடி" என்றார். பிடித்தேன். பிறகு எல்லோரையும் தடுப்புக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். என்ஜின்கள் எல்லாம் உறுமின. வலது சக்கரம் அந்தப் பக்கம் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் போட்டேனா? பச்சை ஞாபகம் இருந்தது. மஞ்சள் ஞாபகம் இல்லை.

அத்தனை பேர், அக்கா. எதிர்ப்பக்கம் படிக்கட்டு முழுக்கத் தலைகள். கையைத் தூக்கினேன்.

கொடிக்காரர் கொடியைக் காட்டி எல்லாக் காரையும் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "என்னம்மா?"

"நட்டு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இப்ப தொட்டா வண்டி வரிசைல கடைசிக்குப் போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

"யாரோட வண்டி?"

"எங்க அக்காவோடது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒட்டடை அண்ணன் ரெஞ்சோடு ஓடினார். குனிந்தார். நாலு தடவை "டிக்" கேட்டது. நிமிர்ந்து, "இறுக்கமாத்தான் இருக்கு! மஞ்சளும் இருக்கு, நீ ஜாக்கைப் பிடிக்கப் போனப்ப நாந்தான் இறுக்கிப் போட்டேன்!" என்று கத்தினார். படிக்கட்டில் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். உன் காரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பதினெட்டாவது இடத்தில் நிறுத்தினார்கள். நீ ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து என்னைப் பார்த்தாய். மூடிக்கொண்டாய்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். எட்டுப் பேரைத் தாண்டிப் பத்தாவதாக வந்தாய். ஒவ்வொரு சுற்றிலும் நான் வலது பின்சக்கரத்தை மட்டும்தான் பார்த்தேன். நீ எப்படி ஓட்டினாய் என்று அப்பா கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் நன்றாகச் சுற்றியது என்று சொன்னேன்.

நான் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் நீ ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்திருப்பாய். முதலாளியம்மாவும் அதைத்தான் சொன்னார். வரும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். கோபமாக இருந்தால் எழுது, எத்தனை தாள் வேண்டுமானாலும் எழுது, படிக்கிறேன்.

ஆனால் அடுத்த பந்தயத்துக்கும் என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் மறுபடியும் தூக்குவேன்.

நெயில் பாலிஷ் தீர்ந்துவிட்டது. வரும்போது அதே நிறத்தில் ஒன்று வாங்கி வா.

உன் கோட்டான்